சங்ககிரி அம்மாவின் மெயில்

லாரி ஆபீஸ்களுக்கும் தறிப் பட்டறைகளுக்கும் மெயில் பழுதுபார்ப்பது என் தொழில். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸிலிருந்து ஒருநாள் கூப்பிட்டார்கள். அனுப்புகிற பில் எதுவும் சிமெண்ட் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லையாம். கணவர் இறந்தபின் அந்த ஆபீஸைத் தனியாளாக நடத்திவந்த அம்மா, நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. வருடத் தொடக்கத்தில் மெயிலை வேறு சர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள். தங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று டொமைன் எனும் இணைய முகவரியில் பதிந்து வைக்க வேண்டும். அதில் பழைய சர்வரே இருந்தது. அதனால் போகிற மெயிலையெல்லாம் போலி என்று நினைத்து எதிர்முனை ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டியில் தள்ளிக்கொண்டிருந்தது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, இதுல சொந்த மெயில் போட்டாலும் அப்படித்தானுங்களா?"

"ஆமாங்க. இந்த அட்ரஸ்ல இருந்து எது போனாலும் அப்படித்தாங்க."

"அப்ப எம்பையன் பாத்திருக்கவே மாட்டானுங்களா?"

மகன் கனடாவில் இருந்தான். வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அதன்பின் அவன் போன் நம்பரை மாற்றிவிட்டான். அவனுடைய கூட்டாளியிடம் கெஞ்சி வாங்கிய மெயில் அட்ரஸ் ஒன்றுதான் இவரிடம் இருந்தது. மருமகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மாதக்கணக்கில் எழுதியிருக்கிறார். பதிலே இல்லை.

"ஸ்பாம்ல யாரும் தேடிப் பாக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. "பாக்காமத்தான் இருந்திருக்கறான்!" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். எனக்கு டீயும் போண்டாவும் வந்தன. பதிவைத் திருத்தி, என் மெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன். நேராக இன்பாக்ஸில் வந்து விழுந்தது. உடனே அவர் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தமிழில் மகனுக்கு எழுத ஆரம்பித்தார். நான் கிளம்பியதைக்கூடக் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்து அவரே போன் செய்தார்.

"மெயிலு மறுக்காவும் நின்னுபோச்சாட்ட இருக்குதுங்க சாமி. கொஞ்சம் பாருங்க."

எந்த மெயில் எங்கே போனது என்று சர்வர் குறித்துவைக்கும் பட்டியலை வீட்டிலிருந்தபடியே பார்த்தேன். அவர் மகனுக்கு எழுதிய ஒவ்வொரு மெயிலையும் அந்தப் பக்கத்து சர்வர் வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்பாமுக்குப் போக இப்போது காரணம் ஒன்றும் இல்லை. சிமெண்ட் கம்பெனியிலிருந்து பதில்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

"போகுதுங்களா?"

பொய் சொல்லலாமா என்று தோன்றியது. வாய் வரவில்லை.

"போய்ச் சேருதுங்கம்மா."

"செரிங்க சாமி. இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்று வைத்துவிட்டார். பழுது என்று ஒன்று இருந்தவரை, மகன் மேல் குற்றம் இல்லை என்று அவரால் நம்ப முடிந்தது. அதையும் நான் சரிசெய்துவிட்டேன்.

போன வருடம் உடம்புக்கு முடியாமல் ஆபீஸை மைத்துனரிடம் ஒப்படைத்தார். புது ஆட்களுக்குப் புது அட்ரஸ் போட்டு, பழையவற்றை நீக்கப் போயிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"என்னோட அட்ரஸ் ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்க. அவன் எப்பவாவது எழுதுனா, திரும்பிப் போயிரக் கூடாதுங்க."

அதை மட்டும் விட்டுவைத்தேன். இதுவரை அதில் ஒன்றும் வரவில்லை.