'தாண்டும்' என்கிற ஒரு சொல்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு, காலை ஒன்பது நாற்பது. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. காற்று துளிகூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நானும் என் மனைவியும் ஃபிளெக்ஸ் ஒன்றைப் பார்த்தபடி நின்றோம். பன்னிரண்டடிக்கு எட்டடி. அதில் ஒன்பது வியாபாரிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கு உரியவர் மூலையில், தபால்தலை அளவில்.

அவர் இங்கிலாந்துக்காரர். ஐம்பதுகளில் எண்பது மீட்டர் தடை ஓட்டம் ஓடியவர். பெரிய போட்டிகளில் நான்காவதாக வந்ததே அதிகம். முழங்கால் போன பிறகு இங்கே பெண்கள் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராக வந்தார். எட்டு இடத்தில் சவுக்குக் கம்பு கட்டி, பாவாடையைச் செருகிக்கொண்டு தாண்டச் சொன்னார். தாண்டியவர்களில் ஒருத்தி என் மனைவி. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய டீச்சர் முந்தின மாதம் இறந்துபோனார். நினைவுக் கூட்டத்தில் விளக்கேற்றிப் பேசவேண்டியவள் இவள். மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சில்லை.

ஃபிளெக்ஸில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'தடை செய்யப்பட்ட ஓட்ட வீராங்கனை'.

விழாக்குழுத் தலைவருக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை. 'தடை ஓட்ட வீராங்கனை' என்று நான் எழுதிக்கொடுத்ததில் நடுவே ஏதோ விட்டுப்போனதாக அவருக்குத் தோன்றியதாம், தானே நிரப்பினாராம். ஊக்கமருந்து தின்று பிடிபட்டவளுக்குப் போடுகிற பட்டம் இது என்றேன்.

"ரெண்டும் தடைதான சார். யாரு வாசிக்கப் போறாக?"

அதுவும் உண்மைதான். வந்திருந்த அறுபத்திரண்டு பேரில் வாசித்தவர்கள் நாங்கள் இருவர்.

மனைவி தீப்பெட்டியைத் தலைவர் கையில் வைத்தாள். "அண்ணாச்சி, எங்க டீச்சர் எட்டுத் தடையத் தாண்டுனவுக. நீங்க ஒம்பதாவதா ஒண்ணு போட்டுட்டீக. அது இருக்கமட்டும் நான் வெளக்குப் பொருத்த மாட்டேன்."

குழுவில் ஏழு பேர். ஒருவரும் அசையவில்லை; கேசரி ஆறிவிடுமே என்பதுதான் அவர்கள் கவலை. நான்தான் ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்துப் பக்கம் போய், 'தாண்டும்' என்ற ஒரே சொல்லை ஸ்டிக்கராக அடித்து வந்தேன். மண்டபக் காவலாளி ஏணி போட்டு ஒட்டினார். 'செய்யப்பட்ட' நீளமான சொல். அதை மறைக்க இருபுறமும் வெள்ளை விடவேண்டியிருந்தது. பார்க்க அசிங்கம், படிக்கச் சரி.

பதினொன்று ஐந்துக்கு அவள் விளக்கேற்றினாள். அடுத்துப் பேசிய தலைவர், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய குழுவுக்கு நன்றி சொன்னார். குழுவே கைதட்டியது.

ஆட்டோ போகவர நூற்றிருபது, ஸ்டிக்கர் நூற்றைம்பது, காவலாளிக்கு ஐம்பது. ஆக, என் பையிலிருந்து முந்நூற்றிருபது ரூபாய்.