கால் முதலில் பிறந்தவளின் இடுப்பு

நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் கண்டம். ஆனால் பிழைத்துவிட்டால் அந்தக் காலுக்குத் தனி மவுசு. இடுப்புப் பிடித்துக்கொண்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, கால் முதலில் பிறந்தவர் லேசாக மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எழுபதுகளில் காரைக்கால் பக்கம் அம்பகரத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்தவர்களைவிடக் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

மாமியாருக்கு இதில் ஏகப் பெருமை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும், "ஏ புள்ள, கொஞ்சம் மிதிச்சு வுட்டுட்டு வா" என்று குரல் கொடுப்பார். வந்தவர் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போவார். அது மாமியார் வாய்க்கு.

இரண்டாவது பிள்ளை நடக்கத் தொடங்கிய பருவத்தில் எனக்கே இடுப்பு நோவு வந்தது. அதுவும் கோணல் நோவு. குனிந்து நாற்று நடும்போது ஒன்றும் செய்யாது. கரையேறி நிமிர்ந்தால் போதும், இடுப்பில் ஒரு பக்கம் சுரீரென்று பிடிக்கும். கொடியில் துணி போட அண்ணாந்தால் உயிர் போகும்.

மாமியாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா இருக்குடி! காலாப் பொறந்தவளுக்கு இடுப்பு வலி வருமா? மீனுக்குச் சளி புடிச்ச கதையால்ல இருக்கு. அதுவும் குனிஞ்சா வலிக்கலியாம், நிமிந்தாத்தான் வலிக்குதாம். குனிய வலிச்சா நோவு, நிமிர வலிச்சா சோம்பேறித்தனம்."

பேச்சு தெருவெல்லாம் பரவியது. நடவுக்குப் போனால் பெண்கள், "நிமிராதடி, நிமிராதடி" என்று கேலி செய்தார்கள். எனக்கும் வாய் நீளம்தான். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும், வரட்டும் வரட்டும்" என்று திருப்பிக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது அழுவேன். வலியைக்கூடப் பொறுத்துவிடலாம். பொய் சொல்கிறாள் என்ற அந்தப் பார்வையைப் பொறுக்க முடியவில்லை. இதில் அடுத்தவர் முதுகை வேறு மிதிக்க வேண்டும். ஒற்றைக் காலைத் தூக்கியதும் எனக்குத்தான் முதலில் பிடிக்கும்.

ஒருநாள் கொடியில் சேலையைப் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் மறுநாள் காரைக்காலில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாமியாரும் கூடவே பஸ் ஏறினார், என் சாயம் வெளுப்பதைப் பார்க்க.

டாக்டரம்மா குனியச் சொன்னார். குனிந்தேன். மாமியார் தொண்டையைச் செருமினார். அடுத்து டாக்டரம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பினார். "அய்யோ ஆத்தா!" என்று நான் போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"முதுகெலும்புக்குப் பின்னாடி, எலும்புக்கு எலும்பு சின்னச் சின்ன மூட்டு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "முழங்கால் மூட்டு மாதிரிதான். உனக்கு அதுல கோளாறு. குனிஞ்சா அது விரியும், வலிக்காது. நிமிந்தா ஒன்னோட ஒன்னு அழுந்தும், வலிக்கத்தான் செய்யும். எப்படிம்மா இத்தன நாள் பொறுத்துக்கிட்ட?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

மாமியார் மெதுவாகக் கேட்டார். "யாராச்சும் மிதிச்சு வுட்டா சரியாப் போயிடுங்களா?"

"மிதிக்கவே கூடாது."

கொஞ்ச நாளைக்கு மாத்திரை, வெந்நீர் ஒத்தடம். தலைச்சுமை தூக்கக் கூடாது, கொடியைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். தினமும் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். வைத்தியம் அவ்வளவுதான். முழுசாகப் போகாது, அடங்கும் என்றார். அடங்கவும் செய்தது, மெல்ல மெல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது வாசலில் ஆள் குரல் கேட்டது. அறுப்புக்குப் போன இடத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம், மிதித்துவிட வேண்டுமாம். நான் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனேன்.

"படுடி" என்று அதட்டிவிட்டு மாமியார் வாசலுக்குப் போனார்.

"அவளுக்கே இடுப்பு நோவுப்பா" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. "நடிப்பு இல்ல. நெசமாவே வலிக்குது அவளுக்கு."