ஃபைசலுக்குக் காவல் இருந்த கிரிக்கெட் டீம்

அப்போல்லாம் எங்க எலுமிச்சை சாதம்கூட ஸ்பிரிட் வாசனைதான் அடிக்கும்.

அவ்ளோ தடவை கை கழுவுவோம்...

பூந்தமல்லி தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில, ஸ்டெம் செல் லேப்ல எனக்கு முதல் வேலை. அம்பத்தூர்ல இருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிடும். மீதிய லேப் ஏ.சி. எடுத்துக்கும். டோனர்கிட்ட இருந்து எடுத்த ரத்தத்துல, புது ரத்தம் உண்டாக்கற ஸ்டெம் செல் போதுமான அளவு இருக்கான்னு மெஷின்ல எண்ணிச் சொல்றதுதான் என் வேலை. அந்த எண்ணிக்கை வர்ற வரைக்கும் வார்டுல யாரும் மூச்சு விட மாட்டாங்க.

அங்கதான் ரெஹானாவைப் பார்த்தேன். குமணன்சாவடி பொண்ணு, காலேஜ் கடைசி வருஷம். அவளோட எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்கறதையே நிறுத்திடுச்சு. லேசா இடிச்சாக்கூட கன்னிப் போயிடும். நல்ல வேளையா தம்பி ஃபைசலோட மஜ்ஜை அவளுக்குப் பொருந்திச்சு. அவங்க அம்மா அன்னைக்கு நர்ஸுங்க எல்லாருக்கும் பேரீச்சம்பழம் குடுத்தாங்க. எனக்கும்தான்.

இதுல ஒரு பயம் இருக்கு. புது செல் ஏத்தறதுக்கு முன்னாடி, பழைய மஜ்ஜையில மிச்சம் மீதி இருக்கறதையும் மருந்து குடுத்து அழிச்சிடணும். அந்த மருந்து ஏறிட்டா திரும்பி வர வழியே கிடையாது. அதுக்கப்புறம் டோனருக்கு ஒரு காய்ச்சல், ஒரு ஆக்சிடென்ட்னு ஏதாவது ஆச்சுன்னா... பொண்ணைக் காப்பாத்த வேற ஆளில்ல.

டாக்டர் இதை விளக்கினப்போ, வீட்டாளுங்களோட டில்லியும் நின்னுட்டிருந்தான். ஃபைசல் ஆடற டென்னிஸ் பால் டீமுக்கு கேப்டன். ஃபைசல்தான் அவங்க ஓப்பனர். டில்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சார், இவன் பைக் ஓட்லாமா?"

"வேண்டாம்ப்பா."

அன்னைலேருந்து ஃபைசல் பாடு திண்டாட்டம். பைக் சாவி டில்லி பாக்கெட்ல. எங்க போனாலும் பின்னாடியே டீம்ல ஒருத்தன். பானிபூரி வண்டிப் பக்கம் திரும்பினாலே சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவானுங்க. தும்மினா போச்சு, லேப்புக்கே போன் வரும்.

"மேடம், தும்மிட்டான் மேடம். இப்போ இன்னா பண்றது?"

நான் டாக்டரே இல்லப்பா, செல் எண்ற பொண்ணுதான்னு சொன்னா யார் கேக்கறா!

ரெஹானாவுக்கு அந்த மருந்து ஏத்த ஆரம்பிச்ச வாரம், ஞாயித்துக்கிழமை மாங்காட்டுல அவங்களுக்கு ஃபைனல். ரொம்ப வருஷம் கழிச்சு வந்த ஃபைனலாம். ஃபீல்டிங் வேணாம், பேட்டிங் மட்டும் பண்றேன்னு ஃபைசல் கெஞ்சியிருக்கான். டில்லி மசியலை.

"பால் மூஞ்சில பட்டா இன்னா பண்ணுவ? அக்கா அங்க படுத்துகினு கீது. மூடிகினு குந்து மச்சான்."

ஆட்டோவுக்குள்ள குந்த வெச்சு ஸ்கோர் எழுத விட்டானுங்க. ஓப்பனர் இல்லாத டீம் தோத்துப் போச்சு. தோத்த கையோட நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து, சாயங்கால ஊசிக்கு இவனைப் பத்திரமா ஒப்படைச்சுட்டுப் போனானுங்க. ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குக் கொண்டு வர தினமும் ஒரு ஊசி போடுவாங்க, அதுக்கு.

மறுநாள் பார்த்தா ஃபைசல் மாடிப்படிக் கம்பியப் புடிச்சுட்டு நிக்கறான். கண்ணெல்லாம் கலங்கியிருக்கு.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"இடுப்பப் புடிச்சிட்டு நிக்கற, ஒண்ணுமில்லங்கற?"

சுத்தி முத்திப் பார்த்துட்டு மெதுவா சொன்னான். "எலும்பெல்லாம் உடையற மாரி வலிக்குது மேடம். எனக்கும் அக்கா நோவு வந்துடுச்சு போல கீது. டாக்டர் கைல சொல்லிடாதீங்க மேடம். என்னை வேணாம்னு அனுப்சிட்டாங்கன்னா அக்கா செத்துரும்."

சிரிக்கறதா அழறதான்னு தெரியலை எனக்கு.

"லூசு! அது நோவு இல்லடா. ஊசி வேலை செய்யுது. உன் மஜ்ஜை உள்ள ஓவர்டைம் பாக்குது, அதான் வலி. டாக்டர் அன்னைக்கே சொன்னாரே?"

சொல்லித்தான் இருக்கார். அக்கா பொழைச்சுக்குவாங்கறதைத் தாண்டி இவன் காதுல எதுவும் ஏறலை. கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் பார்த்துட்டு, இதான்ப்பா நாங்க எதிர்பார்த்ததுன்னு சொல்லி வலிக்கு மாத்திரை குடுத்தார். வெளிய வந்து அந்தப் படியிலயே உக்காந்து, அவ்ளோ பெரிய பையன் கேவிக் கேவி அழுதான். நானும் பக்கத்துல உக்காந்துட்டேன்... வேற என்ன பண்றது.

அவன்கிட்ட இருந்து செல் எடுத்த அன்னைக்கு, அந்தப் பை நீர்த்த தக்காளி ஜூஸ் கலர்ல லேப்புக்கு வந்துச்சு. எண்ணினேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன்.

போதும். தாராளமா போதும்.

வார்டுக்குச் சொல்லிட்டுக் கீழ இறங்கினா, மருந்துக் கடை வாசல்ல மொத்த டீமும் நிக்குது. "மேடம், ஸ்கோர் இன்னா?"ன்னான் டில்லி.

"ஜெயிச்சுட்டீங்கடா"ன்னேன்.

இப்போ எனக்குன்னு ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு இருக்கு. மஜ்ஜை ஏன் இப்படிப் பாதியில நின்னு போகுதுன்னு பார்த்துட்டிருக்கோம். இப்போ பாதி பொருத்தம் இருந்தாலே சில பேருக்கு மாத்த முடியுது. தேவைப்பட்டா டோனர் செல்லை முன்னாடியே எடுத்து ஃப்ரீஸர்ல வெச்சுடறாங்க. எந்த டோனரையும் ஒரு ஊரே காவல் காக்க வேண்டியதில்ல. நல்லதுதான், நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பசங்க மாதிரி ஒரு ஃப்ரீஸர் இன்னும் யாரும் செய்யலை.

எல்லா ட்ரான்ஸ்பிளான்ட்டும் ரெஹானாவோடது மாதிரி நல்லபடியா முடியறதில்ல. அது எனக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் இது இவ்ளோ ஞாபகம் இருக்கு.

போன வாரம் ரெஹானா போன் பண்ணினா. ஆவடியில ஸ்கூல் டீச்சரா இருக்கா. குரல் கட்டிப் போயிருந்துச்சு. கிளாஸ்ல பாதி புள்ளைங்களுக்கு சளியாம், இவளுக்கும் ஒட்டிக்கிச்சாம்.

"டாக்டர்கிட்ட காமிச்சுட்டேன் மேடம். சாதா ஜலதோஷம்தான்னாரு. இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவை கேட்டா நிம்மதியா இருக்கும்."

அன்னைக்கு இதே ஜலதோஷம் அவளைக் கொண்டு போயிருக்கும். கிருமி ஒட்டிடக் கூடாதுன்னு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் நாங்க அவகிட்ட பேசுவோம்.

"மிளகு ரசம் வெச்சுக் குடி ரெஹானா. ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்"னேன்.

தானா சரியாயிடும்... இதை அவகிட்ட சொல்ல நான் குடுத்து வெச்சிருக்கணும்.