ஆக்சிஜனுக்கு மட்டும் பணம் இருந்தது

அரசு மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்கள் அங்கே வருவார்கள். அதை நடத்திய நர்ஸம்மா குரலை உயர்த்தாமலே ஆளை வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். "விட வேண்டாம். அடுத்ததைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க, போதும்," என்பாள். வெல்டர் ஒருவர் அப்படித் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே நாளுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்திருந்தார்.

வீட்டில் கதை வேறு. அவள் கணவன் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தான். டீ பேருக்குத்தான், குடும்பம் ஓடியது சிகரெட் விற்பனையில்.

"அதை எடுத்துட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டாள்.

"எடுத்துடலாம். அப்புறம் கடையையும் எடுத்துடலாம்." கோபமில்லாமல்தான் சொன்னான்.

அந்த அறைக்கு இனியும் பணம் ஒதுக்குவதா என்று பார்க்க நிதித்துறை அதிகாரி ஒருநாள் வந்தார்.

"சார், இங்க ஒருத்தர் விட்டா, நாளைக்கு வார்டுல ஒரு கட்டில் மிச்சம். ஒரு வீட்டுல சம்பாதிக்கிற கை மிச்சம். மாடியில நுரையீரல் வார்டுக்கு ஆகுற செலவுக்கு முன்னாடி இந்த ரூமெல்லாம் ஒண்ணுமே இல்ல," என்றாள்.

அவர் மறுக்கவில்லை. அதுதான் கொடுமை.

"அத்தனையும் சரிம்மா. நானே ஃபைல்ல எழுதியிருக்கேன். ஆனா அந்த மிச்சம் தெரிய வருஷக்கணக்காகும். என்னைக் கேக்குறது இந்த வருஷத்துக் கணக்கு. புகையிலை வரியில கொஞ்சம் ஒதுக்குங்கன்னா எல்லாரும் தலையாட்டுறாங்க. கையெழுத்துன்னா யாரையும் காணோம்."

அறையைப் பூட்டினார்கள். நாற்காலிகள் எக்ஸ்ரே அறைக்குப் போயின. அவளை மாடியில் நுரையீரல் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே புதுக் கட்டில்களும் ஆக்சிஜன் குழாய்களும் கேட்ட கையோடு வந்து இறங்கின. வேறு இடம் கேட்டுப் பார்த்தாள். "உன்னை எப்படி விடுறது? இங்கதானே ஆள் பத்தல," என்றார் தலைமை நர்ஸ்.

சில வருஷம் கழித்து அந்த வெல்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"கீழ வந்தேன் சிஸ்டர். பூட்டியிருந்துச்சு. சரி, இன்னிக்கு மட்டும் இன்னொண்ணுன்னு பத்தவெச்சேன். அது அப்படியே..."

"பேசாதீங்க, அண்ணே."

அந்த நேரம் பார்த்துக் கணவன் போனில் வந்தான்.

"சிகரெட்டுக்கு வரி ஏறப்போவுதாம். இப்பவே நாலு பெட்டி வாங்கிப் போட்டு, விலை ஏறினதும் வித்தா மக காலேஜுக்கு ஆகும். என்ன சொல்ற?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாங்கிப் போடுங்க," என்றாள். போனை வைத்துவிட்டு, வெல்டரின் முகத்தில் நழுவியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தாள்.