தோல் கேட்ட குரல்

எங்கள் தொழிற்சாலை வாசலில், முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை அது என்னை ஏற்க மறுத்தது. தொப்பியைக் கழற்றினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. செக்யூரிட்டி பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை உள்ளே விட்டார்.

மறுநாளும் அப்படியே ஆனதால், அலுவலகத்தில் புதிதாகப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கணினித் திரையில் பழைய படமும் புதிய படமும் அருகருகே வந்து நின்றன. பழையதில் இருந்தவன் மாநிறம், கன்னத்தில் சதை. புதியதில் இருந்தவன் ஒடுங்கிப்போன கறுத்த மனிதன். என் அண்ணன் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். படம் எடுத்த பெண், "வெயில்ல ரொம்ப அலைஞ்சீங்களா சார்?" என்று கேட்டாள். நான் சிரித்து வைத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்து, மத்தூர்ப் பெண்ணான தேவகியைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டேன். அலுமினியம் உருக்கி வார்க்கும் ஆலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. உருக்கும் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கறுப்பது யாருக்கும் விசேஷமாகத் தெரியாது. அதனால்தான் எனக்கு வந்தது என்னவென்று தெரிய அவ்வளவு காலம் ஆனது. என்னைப் போல யாராவது இப்போது காரணம் தெரியாமல் கறுத்துச் சோர்ந்துகொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிறத்துக்கு முன்பே சோர்வு வந்திருந்தது. இரும்பு ஏணியில் பாதி ஏறியதும் கால் நடுங்கும். காலையில் குமட்டும். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒரு மருத்துவர் வாயுத் தொல்லை என்றார். இன்னொருவர், ரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்றார். இருவர் மேலும் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் என்னை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். என் நிறமே இதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

உப்பு ஆசை ஒன்று புதிதாக வந்தது. மாங்காய்க் காலம் அது. தேவகி நறுக்கி வைக்கும் மாங்காயை உப்பில் புரட்டித் தின்பேன். மாங்காய் தீர்ந்த பிறகு தட்டில் மிஞ்சிய உப்பையும் வழித்து நக்குவேன். நாக்கு கேட்டது, கொடுத்தேன். கேட்டது நாக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

என்னோடு வேலை செய்யும் நாகராஜுக்கு வீட்டில் கன்னடம், வேலையிடத்தில் எங்கள் தமிழ். "என்னா குரு, நீ பர்னஸ் பக்கத்துல நிக்கறியா, உள்ளயே நிக்கறியா?" என்று, கன்னட வழக்கில் என்னைக் 'குரு' ஆக்கி அவன் கேட்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் உட்கார இடம் தேடுவேன்.

புதிய படம் எடுத்த அன்று மாலை வீட்டில் அந்தக் கதையைச் சொன்னேன். தேவகி சிரிக்கவில்லை. "தோல் டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்றாள்.

"ஆம்பளைக்கு என்னத்துக்கு கலரு? வேலைய பாரு."

"கலருக்கு இல்லீங்க. பல்லு வெளக்கறப்ப பாத்தேன். ஈறெல்லாம் கறுத்துக் கெடக்குது. வெயிலு வாய்க்குள்ளயா அடிக்குது?"

அவளோடு கிளம்பிப் போனேன். ஆனாலும் நிறத்துக்காக மருத்துவரிடம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. காத்திருப்போர் நாற்காலிகளில் முகப்பருவோடு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த இளம் மருத்துவர் என் முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. கையை விரிக்கச் சொல்லி ரேகைகளைப் பார்த்தார். ரேகைகள் பென்சிலால் கீறியதுபோல் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னார். விரல் முட்டிகளையும் கறுப்புக் கோடு ஓடிய நகங்களையும் பார்த்தார். சில மாதங்களுக்கு முன் உலைச் சிதறல் பட்டு முன்கையில் ஆறியிருந்த தழும்பு கரிக்கட்டைபோல் இருந்தது. அதை விரலால் தடவினார்.

"உப்பு அதிகமா சாப்பிடத் தோணுதா?"

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். "மெதுவா எழுந்து நில்லுங்க" என்றார். நின்றேன். சுவர் சாய்ந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது மேலே சுற்றிய மின்விசிறியும் தேவகியின் முகமும்தான்.

"இது தோல் நோய் இல்லம்மா. தோல்ல தெரியற நோய்" என்று அவர் அவளிடம் சொல்வது கேட்டது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போட வைத்திருந்த ஸ்டீராய்டு ஊசியை எனக்குப் போட்டார். உப்புநீர் ஏற்றத் தொடங்கினார். "பெங்களூருக்குக் கொண்டுபோங்க. நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க."

தேவகி போன் செய்ததும் நாகராஜ் காரோடு வந்தான். பாட்டிலைத் தேவகி கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். மாநில எல்லையான அத்திப்பள்ளியில் வண்டிகள் அடைத்து நின்றபோது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு நேரம் அவன் வாயை மூடி நான் பார்த்ததில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கியதும் உள்ளே ஓடி, கன்னடத்தில், "நம்ம அண்ணா சார், பேக நோடி" என்றான். எங்கள் அண்ணன், சீக்கிரம் பாருங்கள்.

நோயின் பெயர் அடிசன் நோய். இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பிபோல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. கார்டிசால் (நெருக்கடியில் உடலை நிமிர்த்திப் பிடிக்கும் சுரப்பு), உப்பை உடலில் தக்கவைக்கும் இன்னொரு சுரப்பு, இரண்டும் அங்கேதான் உருவாகின்றன. என் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தச் சுரப்பியைப் பகையென்று எண்ணி அழித்துவிட்டன. சிறுநீர் வழியே உப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நாக்கின் வழியே என் உடம்பு அதைத்தான் ஈடுகட்டப் பார்த்திருக்கிறது.

"அதுக்கும் கறுக்கறதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?" என்று கேட்டேன். சுரப்பி நோய் மருத்துவர் சேலத்துக்காரம்மா. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"மூளைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. கார்டிசால் குறைஞ்சா, 'சுர, சுர'ன்னு அது ஒரு ஹார்மோனை அனுப்பிக் கத்தும். உங்களுக்கு அங்க கேக்கறதுக்கு ஆளே இல்ல. அதனால இன்னும் கத்துது, இன்னும் கத்துது. அந்தக் கத்தல் தோலுக்குக் கேட்டுடுச்சு. தனக்குத்தான் சொல்றாங்கன்னு நினைச்சு நிறத்தைத் தயார் பண்ண ஆரம்பிச்சுடுச்சு."

படுத்துக் கிடந்த நாட்களில் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் (நிறமி செய்யும் உயிரணு) என்று ஒன்று உண்டு. கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். டைரோசின் என்ற புரதத் துணுக்கிலிருந்து மெலனின் என்ற நிறமியைச் செய்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியுள்ள தோல் அணுக்களுக்குக் கைமாற்றிவிடும். வாங்கிக்கொண்ட அணு அந்தப் பொட்டலங்களைத் தன் உட்கருவுக்கு (பரம்பரைச் செய்தி இருக்கும் இடம்) மேலே குடைபோல் பிடித்துக்கொள்கிறது. வெயில் உள்ளே இருக்கும் செய்தியைச் சிதைத்துவிடக் கூடாது என்பதற்காக.

கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் இந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலம் எவ்வளவு பெரியது, எவ்வளவு நிறைந்தது என்பதில்தான் வேறுபாடு. மேலிருந்து கத்தும் அந்த ஹார்மோனும், மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோனும் ஒரே தாய்ப் புரதத்தை வெட்டிப் பிரித்து உண்டாகிறவை. அதனால்தான் ஒன்றுக்கான அழைப்பு மற்றொன்றின் கதவையும் தட்டுகிறது.

இதைப் புரிந்துகொண்ட அன்று என் கைகளை வெகுநேரம் பார்த்தபடி இருந்தேன். ஊரே கேலி செய்த அந்த நிறம், உடம்பில் ஓயாமல் உதவி கேட்டுக்கொண்டிருந்த ஒரு குரல். பரிசோதனைக் கூடம் சொல்வதற்கு எத்தனையோ மாதம் முன்பே அதை என் தோல் எழுதிக் காட்டியிருக்கிறது.

மாத்திரை தொடங்கியதும் சில நாட்களிலேயே பசி வந்தது. நிறம் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. மேலே சத்தம் அடங்க வேண்டும், பிறகு பழைய நிறமியைச் சுமந்த அணுக்கள் ஒவ்வொன்றாக உதிர வேண்டும். முதலில் உள்ளங்கை தெளிந்தது, பிறகு முகம். நகங்களில் ஓடிய கறுப்புக் கோடுகள் நுனியை நோக்கி நகர்ந்தன. நோயில் கிடந்த மாதங்களை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட்டேன். தழும்பு மட்டும் கறுப்பாகவே நின்றுவிட்டது.

மாத்திரை வாழ்நாள் முழுக்க. நிறுத்தவே கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் தொடையில் ஊசி போட வேண்டும். தேவகி சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினாள். ஒருமுறை வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நான் துவண்டு கிடந்தபோது, பழகியபடியே ஊசியைப் போட்டுவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவில் ஏறிய பிறகு அழுதாள்.

நிறமெல்லாம் திரும்பி, "பழைய ஆளா ஆயிட்டீங்க" என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய சமயத்தில், வலது கை விரல் முட்டிகளில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று தேய்த்தேன். போகவில்லை.

"வெண்புள்ளி" என்றார் சேலத்து மருத்துவர். "அந்தச் சுரப்பியை அழிச்ச எதிர்ப்பு அணுக்கள் அதே வேலையை இப்ப மெலனோசைட்கிட்ட காட்டுது. இந்த நோயில சிலருக்கு வரும். இது ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் பண்ணாது. வேணும்னா களிம்பு இருக்கு, ஒளிச் சிகிச்சை இருக்கு. முட்டியிலயும் விரல் நுனியிலயும் நிறம் திரும்பறது கொஞ்சம் கஷ்டம்."

"ஏன் டாக்டர்?"

"மயிர்க்கால்லதான் மெலனோசைட்டுக்கு விதை மிஞ்சியிருக்கும். அங்க இருந்துதான் புள்ளி புள்ளியா நிறம் ஏறி வரும். முட்டியில மயிர் கம்மி, நுனியில சுத்தமா இல்ல."

அதன்பிறகு ஒருநாள் மத்தூர் போனோம். தேவகியின் தங்கை லதாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. லதாவின் மாமியார் குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து, "காது நுனி கறுப்பா இருக்குது. புள்ள அப்பன் கலருதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தைக்கு அணுக்கள் எல்லாம் தயாராக இருக்கும், வேலையைத்தான் இன்னும் முழுதாகத் தொடங்கியிருக்காது என்று எனக்குள் ஓடியது. குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

அவர் குழந்தையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையில என்னா அது? தப்பா நெனச்சுக்காதீங்க. ஒட்டிக்குமா?"

நான் கையை மடக்கிக்கொண்டேன். உலையில் வெந்த கைகளுக்கு அப்படியொரு சூடு அதுவரை பட்டதில்லை.

தேவகிதான் சொன்னாள். "ஒட்டாதுங்க அத்த. ஒட்டறதா இருந்தா மொதல்ல எனக்குத்தான ஒட்டியிருக்கணும்?"

லதா குபுக்கென்று சிரித்துவிட்டாள். எழுந்து வந்து மாமியாரிடமிருந்து குழந்தையை வாங்கி என் மடியில் கிடத்தினாள். "புடிங்க மாமா. தல பத்திரம்." குழந்தை என் வெள்ளை முட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

வரும் வழியில் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். கறுத்துக்கொண்டிருந்தபோது நான் செத்துக்கொண்டிருந்தேன். அப்போது யாரும் என்னிடம் குழந்தையைத் தரத் தயங்கவில்லை. இப்போது நலமாக இருக்கிறேன். பயப்பட வேண்டிய நிறத்தைப் பார்த்துச் சிரித்தோம். ஒன்றும் செய்யாத நிறத்தைப் பார்த்துப் பின்வாங்குகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். களிம்பு போடுகிறேன். நிறம் திரும்பியே ஆக வேண்டும் என்ற அவசரம் இப்போது இல்லை.

நல்ல உடம்பில், விழிப்பதற்குச் சற்று முன்பே கார்டிசால் தானாக ஏறத் தொடங்கும். ஆள் எழுந்திருக்கும்போது உடம்பு ஏற்கெனவே எழுந்து நிற்கும். எனக்கு அப்படியில்லை. விழித்ததும் தலைமாட்டில் இருக்கும் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை மறுபடி படுத்துக்கொள்கிறேன். முதல் ஷிப்டு பேருந்துகள் தெருவைத் தாண்டிப் போகின்றன. தேவகி அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்கிறது. வெளியே எல்லோருக்கும் விடிந்துவிட்டது. நான் படுத்தபடியே கையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கும் விடியும்.