பேரையூரிலிருந்து வாசித்துக் காட்டிய முகவரி

மதுரையில் ஒரு செவிலியர் கல்லூரியின் இணையதளத்தைப் பராமரிப்பது என் பணி. விண்ணப்பத்தை அனுப்பியதும், விண்ணப்ப எண்ணைக் காட்டும் பக்கத்துக்குத் தளமே அழைத்துச் செல்லும். அந்த எண் இல்லாவிட்டால் சேர்க்கைக்கு அழைக்கமாட்டார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலையில், அந்தப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் இடத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தேன்.

சற்று நேரத்தில் பேரையூரிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்காக விண்ணப்பித்தாராம்; எண் வரவில்லையாம். என் கணினியில் சோதித்தேன், வந்தது. “உங்க போன்லதான் கோளாறு, ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்கக்கா” என்றேன். மறுபடி அழைத்தபோதும் அதையே சற்றுக் கடுமையாகச் சொன்னேன்.

மூன்றாம் முறை அவர், “கோவிச்சுக்கிறாதீங்க தம்பி. மேல என்னமோ இங்கிலீசுல இருக்கு, ஒவ்வொரு எழுத்தா வாசிக்கிறேன், கேளுங்க” என்றார்.

அவர் பாதி வாசிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. லோக்கல்ஹோஸ்ட். ஒரு கணினி தன்னைத்தானே குறிக்கும் பெயர் அது. சோதனைக்காக எழுதிய அம்முகவரியை மாற்ற மறந்திருந்தேன். ஆகவே அவருடைய கைபேசி அப்பக்கத்தைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. சோதனைக்காக அப்பக்கத்தின் பிரதி என் கணினியில் இருந்ததால் எனக்கு மட்டும் எண் வந்திருந்தது.

“தப்பு என்னோடதுதான்க்கா.”

“அப்ப போனு மேல தப்பில்லையா? பாவம், அதை அம்புட்டு ஏசிட்டேனே!” என்று சிரித்தார்.

உடனே திருத்தி, அவர் மகளுக்கும் அன்று விண்ணப்பித்த மற்றவர்களுக்கும் எண் கிடைக்கச் செய்தேன்.

அவர் கடிந்துகொண்டிருந்தால் நானும் ஏதேனும் காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன். சிரித்துவிட்டதால் அத்தவறு முழுமையாக என்னுடையதாகவே தங்கிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.