கிட்டங்கிக்குள் ஒரு டென்னிஸ் போட்டி

போடியில் டென்னிஸ் போட்டி நடந்தது என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் பரிசுப் பணத்துக்கு ஆடுகிற, டென்னிஸே பிழைப்பாக உள்ள ஆண்களுக்கான போட்டி. மழைக்காலம் என்பதால் ஏலக்காய் வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியைக் காலி செய்து, பச்சை விரிப்பு விரித்து, உள்ளேயே வலை கட்டினார்கள். இரண்டே வருஷம்தான் நடந்தது. மூன்றாம் வருஷம் காய் விலை ஏறியதும் மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் பத்தொன்பது. என் சித்தப்பா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் கிளப்பில் வேலை பார்த்தார். சாயங்காலம் முதலாளிமார் வந்தால் எதிர்ப்பக்கம் நின்று அவர்களோடு டென்னிஸ் ஆடுவதுதான் அவர் சோலி. மாதம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி வருவார். சித்தி கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். அந்தப் பிள்ளை பெற்ற அப்பனைப் பார்த்தால் யாரோ என்று வீறிட்டு அழும்.

முதல் வருஷமே சித்தப்பா பேர் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் ஊரில் புதிதாகப் போட்ட டென்னிஸ் மைதானத்துக்கு அவரையே கோச்சாக வைத்துக்கொள்வதாக வியாபாரிகள் சொல்லியிருந்தார்கள். "இந்த ஒத்த ஆட்டம் ஜெயிச்சாப் போதும்க்கா, இவுக மலையேற வேணாம்," என்று சித்தி அம்மாவிடம் நாளுக்குப் பத்துத் தடவை சொன்னாள். நான் பள்ளிக்கூடத்தில், அவர் ஜெயித்தேவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

எதிராளி மதுரையிலிருந்து வந்த ஒரு கோச், கொஞ்சம் தொந்தி. தகரக் கூரையில் மழை கொட்டியதில் நடுவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. சித்தப்பா ஆடிய அழகை என்ன சொல்ல! எங்கே அடித்தாலும் அங்கே போய் நின்றார். தொந்திக்காரருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பந்தை எடுக்க ஓடி, ஓரமாகச் சறுக்கி விழுந்தேவிட்டார். மறுபக்கம் முழுக்கக் காலி. சும்மா தட்டிவிட்டால் போதும். சித்தப்பா பந்தைப் பதமாக, எழுந்துகொண்டிருந்த அந்த ஆளின் கைக்கே அனுப்பினார்.

"அட போய்யா!" என்று கூட்டம் கத்தியது. அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. காலி இடம் கிடைக்கும்போதெல்லாம் பந்து அந்த ஆளைத் தேடித்தான் போனது. சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். சித்தப்பா தோற்றார்.

மறுநாள் காலையில் பையோடு ஜீப்புக்கு நின்றவரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"நீங்க வேணும்னேதான் தோத்தீக!"

"இல்ல ஆத்தா. காலி எடத்துல போடணும்னுதான் நெனைக்கிறேன். பந்து வந்தா கை அவரு நிக்கிற பக்கமே போயிருது."

"புளுகாதீக!"

அவர் பையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப்பு கிளம்பியதும் கை காட்டினார். நான் காட்டவில்லை. அதை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. முதலாளிமார் ரொம்ப ஓடாமல் ஆட வேண்டும், கடைசியில் ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் என் சித்தப்பாவைப் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.